சாலையைப் பார்த்த குற்றம்

‘நிதானம்’ என்று நாங்கள் எல்லோரும் அழைத்த ஓட்டுநர் இருபத்து நாலு வருஷம் நகரப் பேருந்து ஓட்டினார். அந்த இருபத்து நாலு வருஷத்தில் அவர் இடித்தது ஒரே ஒரு தடவை. அதுவும் வண்டியால் அல்ல, தலையால். பணிமனைக் கழிப்பறையின் நிலைப்படி தாழ்வாக இருந்தது, குனிய மறந்துவிட்டார். மற்றபடி ஒரு கோழி, ஒரு சைக்கிள், ஒரு குப்பைத்தொட்டி, எதுவும் அவர் மேல் புகார் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனிடமிருந்து ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்க ஒரு வாரியம் முடிவு செய்தது. வண்டி ஓட்டும்போது அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குற்றப்பத்திரிகையில் இருந்ததைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் பேருந்தின் நடத்துநர் அவருடைய மனைவியேதான். வீட்டில் அந்த அம்மாள் பேசினால் இவர் கேட்பார். பேருந்தில் அந்த அம்மாள் விசில் அடித்தால் இவர் கேட்பார். ஒரு விசிலுக்கு நிற்பார், இரண்டுக்குப் போவார். இந்த ஏற்பாட்டில் பயணிகள் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

வாரியம் பிறந்த காரணம் நியாயமானதுதான். ஊரில் பாதிப் பேர் ஒரு கையில் ஸ்டீரிங்கும் மறு கையில் செல்போனுமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனில் சமையல் பார்த்துக்கொண்டே போய், பூங்காக் குளத்தில் காரை இறக்கிவிட்டார். வெளியே வந்ததும் அவர் முதலில் கேட்ட கேள்வி, “தாளிக்கிறது முன்னாடியா, பின்னாடியா?” என்பது. இனிப் பொறுப்பதற்கில்லை என்று அரசாங்கம் ‘கவனச் சிதறல் தடுப்பு வாரியம்’ என்று ஒன்றை அமைத்தது. ஐந்து மாடிக் கட்டடம், நானூறு ஊழியர்கள், ஓர் இயக்குநர்.

வாரியம் முதலில் செல்போனில் கை வைத்தது. ஓட்டுநர் வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது. சரி, நல்லது. ஆனால் எடுக்கவில்லை என்பதை எப்படி உறுதி செய்வது? வாரியமே போன் செய்து கேட்கும் என்று ஏற்பாடானது.

ஒருநாள் நெரிசலான நாற்சந்தியில் நிதானத்தின் சட்டைப்பையில் போன் அலறியது. அவர் தொடவில்லை. அது நின்றது, மறுபடி அலறியது. ஏழாவது முறை மனைவி வந்து, பையிலிருந்து எடுத்துப் பேசினார்.

“வணக்கம், கவன வாரியத்துலேருந்து பேசறோம். டிரைவர் இருக்காரா?”

“வண்டி ஓட்டிட்டு இருக்காரு.”

“போன்ல பேசறாரா?”

“இல்லீங்க. நான்தான் பேசறேன்.”

“அதை அவர் வாயால சொல்லணும். போனை அவர்கிட்ட குடுங்க.”

“போன் பேசலைன்னு போன்ல பேசச் சொல்றீங்களா?”

“ஆமாம்மா. அப்பதான் ரிக்கார்டு ஆகும்.”

அந்த அம்மாள் போனை நிதானத்தின் காதருகே நீட்டினார். அவர் தலையை விலக்கிக்கொண்டு, “லாரி வருது, போடி அந்தப் பக்கம்” என்றார். ‘வாரியத்தைத் தகாத முறையில் விரட்டியது’ என்று ரிக்கார்டு ஆனது.

இப்படித் தினம் நானூறு ஊழியர்களும் நாலாயிரம் ஓட்டுநர்களுக்குப் போன் செய்து பார்த்ததில், போன் எடுப்பவர்கள் எண்ணிக்கை இரண்டு மடங்காகியிருப்பது தெரிந்தது. நிலைமை மோசமாகிறது என்று வாரியம் கவலைப்பட்டது. அதன் விளைவுதான் திரை.

ஓட்டுநரின் இடதுபக்கம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, தொட்டால் வேலை செய்கிற திரை. அதற்குக் ‘கவனக் காவலன்’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அது கேள்வி கேட்கும்: ‘நீங்கள் கவனமாக இருக்கிறீர்களா?’ நாலு நொடிக்குள் ‘ஆம்’ என்பதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் கவன மதிப்பெண்ணில் ஒன்று குறையும். மாதத் தொடக்கத்தில் எல்லோருக்கும் நூறு. முப்பதுக்குக் கீழே போனால் விசாரணை. விசாரணையில் தேறாவிட்டால் உரிமம் ரத்து.

திரையில் ஒரு கேமராவும் இருந்தது. அது ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கண் திரையில் இருந்தால் பச்சை விளக்கு. வேறு எங்காவது இருந்தால் சிவப்பு.

நிதானத்துக்கு நாள் முழுக்கச் சிவப்புதான்.

“ஏம்மா, இது என்னமோ கேட்டுட்டே இருக்கு” என்றார் முதல் நாள்.

“கேட்டா பதில் சொல்லுங்களேன். வீட்லயும் இப்படித்தான், கேட்டா காதுல வாங்கறதில்லை.”

“இது கேக்கறப்பல்லாம் குறுக்கே யாராவது வர்றாங்களே.”

“அவங்களுக்கு மார்க் கிடையாது. இதுக்குத்தான் மார்க்.”

பணிமனையில் ‘இடிமன்னன்’ என்று ஒருவர் இருந்தார். அவர் ஓட்டும் பேருந்தின் முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்துவதற்கென்றே ஓர் ஆள் வேலையில் இருந்தார். இடிமன்னன் திரையை விட்டுக் கண்ணை எடுத்ததே இல்லை. கேள்வி வருவதற்கு முன்பே ‘ஆம்’ சொல்லிவிடுவார். முதல் மாதம் அவருக்குத் தொண்ணூற்றெட்டு. இரண்டும் எப்படிக் குறைந்தன என்று கேட்டால், “ஒரு மரத்துல ஏறிட்டேன். அப்போ ரெண்டு நொடி நிமிர்ந்து பார்த்துட்டேன்” என்று வருத்தப்பட்டார். அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். நிதானத்துக்கு நாற்பத்தொன்று.

இரண்டாம் மாதம் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஓட்டுநர்கள் போதிய அளவு திரையைத் தொடுவதில்லை. ஆகவே ஹாரன், வைப்பர், விளக்கு மூன்றும் இனி திரைக்குள்ளேயே இருக்கும். பழைய சுவிட்சுகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கூடவே, விசில் சத்தம் ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிப்பதால் நடத்துநர்கள் விசில் அடிக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தது.

“விசில் இல்லாம எப்படிங்க நிறுத்தறது?” என்று அந்த அம்மாள் வாரியத்துக்குப் போன் செய்து கேட்டார்.

“உங்க கோரிக்கையைத் திரைக்கு அனுப்பலாம்மா. அவர் படிச்சுட்டு நிறுத்துவாரு.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“மூணு வேலை நாள்.”

அந்த மாதம்தான் அந்த மழை பெய்தது. முன்கண்ணாடியில் தண்ணீர் அருவியாக இறங்கியது. நிதானம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வைப்பரைத் தேட ஆரம்பித்தார். திரையில் ‘சௌகரியங்கள்’ என்று ஒரு கதவு. அதைத் திறந்தால் ‘பருவநிலை’. அதைத் திறந்தால் ‘ஈரம்’. ஈரத்தைத் திறந்தால், ‘இது உண்மையிலேயே மழைதானா?’ என்று ஒரு கேள்வி. ஆம் என்றதும் பதினெட்டுப் பக்க நிபந்தனை வந்தது. பின்சீட்டில் இருந்த நான் உட்பட எல்லோரும் எழுந்து வந்து, ஆளுக்கொரு பக்கமாகப் படித்துக் கொடுத்தோம். ஒருவர் ஏழாம் பக்கத்தில் எழுத்துப்பிழை கண்டுபிடித்தார். பதினெட்டாம் பக்கத்தில் ஒப்புக்கொண்டதும் வைப்பர் எழுந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்த காய்ந்த கண்ணாடியைக் கறகறவென்று துடைத்தது. அதை நிறுத்தத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வரை ஆடியது.

ஹாரன் இன்னும் மரியாதை. அதைத் தொட்டால் ‘பணிவு, நடுத்தரம், கண்டிப்பு’ என்று மூன்று வகை காட்டித் தேர்வு செய்யச் சொல்லும். ஒரு பெரியவர் சாலையின் நடுவில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நிதானம் எதையும் தேர்வு செய்யாமல் ஜன்னலில் தலையை நீட்டி, “ஐயா, கொஞ்சம் ஓரமா நின்னு துடைங்களேன்!” என்று கத்தினார். பெரியவர் ஒதுங்கினார். ‘அனுமதி பெறாத வாய் ஹாரன்’ என்று ஐந்து மதிப்பெண் போயிற்று.

மாதக் கடைசியில் அவரிடம் மிச்சமிருந்தது மூன்று. அந்த மூன்றும் ரயில்வே கேட்டில் வண்டி நின்றிருந்தபோது தப்பித்தவை.

விசாரணை வாரியத்தின் கட்டடத்தில், கீழ்த்தளத்துப் பெரிய கூடத்தில் நடந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குக் கீழே இடுப்பளவு செங்கல் சுவர். நிதானம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மனைவி சாட்சியாகக் கூடப் போனார். கதையைத் தவறவிடக் கூடாதே என்று நானும் போய்ப் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இயக்குநர் நடுவில் இருந்தார். கையில் போன். அவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை; முகம் எப்படி இருக்கும் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. உச்சந்தலையை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். பக்கத்தில் கண்காணிப்பாளர் குற்றத்தை வாசித்தார்.

“சென்ற மாதம் இவர் தன் பார்வையில் தொண்ணூற்றேழு சதவீதத்தை முன்கண்ணாடியிலேயே செலவழித்திருக்கிறார்.”

இயக்குநர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “முன்கண்ணாடியில அப்படி என்ன இருக்கு?”

“ரோடு இருக்கு சார்” என்றார் நிதானம்.

“எந்த ரோடு?”

“நான் தினமும் போற ரோடுதான் சார்.”

“எத்தனை வருஷமா போறீங்க?”

“இந்த ரூட்ல பதினோரு வருஷம்.”

“பதினோரு வருஷமா பார்த்த ரோட்டையே எதுக்குத் திரும்பத் திரும்பப் பார்க்கறீங்க? ஞாபகசக்தி கிடையாதா?”

நிதானம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தரையைப் பார்த்தார்.

“ரோடு அதேதான் சார். அதுல வர்ற ஆளுங்கதான் மாறிட்டே இருக்காங்க.”

“பாத்தீங்களா!” என்று இயக்குநர் மேஜையைத் தட்டினார். “அவரே ஒத்துக்கறாரு. ஆளுங்களை வேடிக்கை பார்த்துட்டே ஓட்டியிருக்காரு. ஓட்டுநரோட கவனத்தை எது அதிகமாச் சிதறடிக்குதுன்னு நாங்க மூணு வருஷம் ஆராய்ச்சி பண்ணினோம். செல்போன் ரெண்டாவது இடம்தான். முதலிடம் எதுக்கு தெரியுமா? முன்கண்ணாடி! மரம், மாடு, மனுஷன், சிக்னல், எல்லாம் அது வழியாத்தான் உள்ள வருது. அடுத்த வருஷம் அதுக்கு ஒரு திரைச்சீலை போடற திட்டம் இருக்கு. நான் சொல்றேன், நானே தினமும் கார்ல வர்றேன். முப்பது வருஷ சர்வீஸ்ல ஒருநாள்கூட ரோட்டைப் பார்த்ததில்லை.”

“நீங்க பின்சீட்டுல வர்றீங்க சார்” என்றார் நடத்துநர் அம்மாள்.

“சீட்டு எதுவா இருந்தா என்னம்மா, கொள்கை ஒண்ணுதானே.”

கண்காணிப்பாளர் பதினாலாவது விதியைப் படித்தார். குற்றம் சாட்டப்பட்டவர் விரும்பினால் வாரியத்தின் வளாகத்தில் ஒரே ஒரு முறை சோதனை ஓட்டம் தரலாம். இதில் மதிப்பெண் சுழியில் தொடங்கி ஏறும்; நூற்றுக்கு நூறு வாங்கினால் விடுதலை. ஒன்று குறைந்தாலும் உரிமத்தை அந்த இடத்திலேயே துளையிட்டுச் செல்லாததாக்கிவிடுவார்கள். துளைக் கருவி மேஜைமேல் தயாராக இருந்தது. இடிமன்னனின் வண்டிக்கு நடத்துநராக மாற்றும் உத்தரவும் அந்த அம்மாள் பெயரில் அடித்து வைக்கப்பட்டிருந்தது.

நிதானத்தின் முகம் வெளுத்துவிட்டது. வேறு தொழில் தெரியாத மனுஷன். வண்டியில் உட்கார்ந்தால்தான் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியும்.

அந்த அம்மாள் அவரைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

“இத பாருங்க. இருபத்து நாலு வருஷம் உங்களுக்குத் தோணினபடி ஓட்டினீங்க. இன்னைக்கு ஒருநாள் அவங்க சொன்னபடி ஓட்டுங்க.”

“அவங்க சொன்னபடி ஓட்டினா எங்கயாவது போய் முட்டுமேம்மா.”

“அது அவங்க கவலை. நாலு தெருவுல ஓட்டப் போறதில்லை, அவங்க வாசல்லதானே. எறும்பு மாதிரி போங்க. கண்ணை மட்டும் அந்தத் தட்டைவிட்டு எடுக்காதீங்க. எடுத்தீங்க, நாளைக்கு நான் இடிமன்னன் பஸ்ல நிக்கணும். அப்புறம் வீட்டுக்கு என்னை எந்த ரூபத்துல கொண்டாந்து விடுவாங்கன்னு சொல்ல முடியாது.”

வளாகத்தைக் காலி செய்தார்கள். ஊழியர்கள் எல்லோரும் இரண்டாம் மாடிக்குப் போய், சோதனையை ஜன்னல் வழியாகப் பார்க்காமல் சுவரில் இருந்த பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. அதனால் கீழ்த்தளத்தில் ஈ காக்கை இல்லை. இயக்குநர் முன்சீட்டில் உட்கார்ந்தார். நடத்துநர் அம்மாள் படிக்கட்டின் அருகே நின்றார். நான் வழக்கம்போல் பின்சீட்டு.

“சார், கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன்” என்றார் நிதானம். “ரோட்டைப் பார்க்கவா, திரையைப் பார்க்கவா?”

“திரையைப் பாருங்க. ரோட்டைத் திரை பார்த்துக்கும்” என்றார் இயக்குநர்.

அது உண்மைதான். புதிதாக வண்டியின் நெற்றியில் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். முன்னால் இருக்கும் சாலை திரையிலேயே படமாகத் தெரிந்தது. நிதானத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வண்டி நகர்ந்தது. நடந்து போகிறவர் முந்திவிடுகிற வேகம். உடனே, சாலைப் படத்தை முழுவதுமாக மறைத்துக்கொண்டு ஒரு கேள்வி வந்தது: ‘சாலை தெரிகிறதா?’

அவர் ‘ஆம்’ என்று தொட்டார். பச்சை விளக்கு எரிந்தது.

‘நன்றி. உங்கள் பதிலில் நீங்கள் திருப்தி அடைகிறீர்களா?’

ஆம்.

‘இந்தக் கேள்விகள் உங்கள் கவனத்தைச் சிதறடிக்கின்றனவா?’

அவர் விரல் ஒரு நொடி தயங்கியது. இல்லை.

வளாகத்தின் நடுவில் ஒரு நீரூற்று இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குத் திரும்ப வேண்டும். இடதுபக்கம் திருப்பச் சொல்லும் அம்புக்குறி திரையில் வந்தது. திருப்பினார். ஆனால் ஸ்டீரிங்கை நேராக்கச் சொல்லும் அம்புக்குறி வருவதற்கும் அடுத்த கேள்வி வருவதற்கும் சரியாக இருந்தது. கேள்வி முன்னால் நின்றுகொண்டது. அம்புக்குறி பின்னால் காத்திருந்தது. பேருந்து தன் பாட்டுக்கு வாரியத்தின் கட்டடத்தை நோக்கித் திரும்பியது.

நடத்துநர் அம்மாள் முதலில் பார்த்தார். கை தானாகவே விசிலைத் தேடிக் கழுத்துக்குப் போயிற்று. விசிலை எப்போதோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

“சார், கட்டடம் வருது” என்றார்.

“பயணிகள் டிரைவர்கிட்ட பேசக் கூடாது” என்றார் இயக்குநர். அவருடைய போனில் நிதானத்தின் மதிப்பெண் ஓடிக்கொண்டிருந்தது. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது.

“நான் உங்ககிட்டதான் சார் சொல்றேன்.”

“என் கவனத்தையும் சிதறடிக்காதீங்கம்மா. தொண்ணூத்தி மூணு.”

“உங்க கட்டடம் சார்!”

“தொண்ணூத்தி ஆறு!”

இடிச்சத்தம் எல்லாம் ஒன்றும் இல்லை. பேருந்து விருந்தாளி மாதிரி உள்ளே நுழைந்தது. செங்கல் சுவர் முதலில் வணங்கியது; பிறகு கண்ணாடி முழுவதும் ஒரே குரலில் வரவேற்றது. விசாரணை மேஜை, துளைக் கருவி, இடமாற்ற உத்தரவு எல்லாவற்றையும் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய் எதிர்ச்சுவருக்கு இரண்டடி முன்னால் இருந்தபோது, ‘சோதனை முடிந்தது. வண்டியை நிறுத்துங்கள்’ என்று திரை சொன்னது. நிதானம் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நிறுத்தினார்.

“நூத்துக்கு நூறு!” இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வாரிய வரலாற்றுலயே முதல் ஆளு நீங்கதான்!” அப்புறம் ஏதோ காலில் நொறுங்குகிறதே என்று குனிந்த தலையோடு தரையைச் சுற்றிலும் பார்த்தார். “ஆமா, நாம எப்ப ஆபீசுக்குள்ள வந்தோம்?”

“நீங்கதான் சொல்லணும் சார்” என்றார் நிதானம். “நான் திரையைப் பார்த்துட்டு இருந்தேன்.”

கீழே இறங்கி வண்டியின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். சப்பை. அவர் கண் கலங்கிவிட்டது.

“இருபத்து நாலு வருஷம்மா. ஒரு கீறல் கிடையாது.”

“அட, விடுங்க” என்றார் மனைவி. “இதுல உங்க பங்கு என்ன இருக்கு? நீங்கதான் பார்க்கவே இல்லையே.”

அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. ஓட்டுநர் ஒரு நொடியும் கவனம் தவறவில்லை என்பது பதிவுகளால் ஐயமற நிறுவப்பட்டதால், மோதலுக்குக் காரணம் எதிர்த்தரப்பே என்று முடிவு செய்திருந்தார்கள். எதிர்த்தரப்பு என்றால் சுவர். பேருந்து வருவது தெரிந்தும் விலகாமல் நின்றது, எச்சரிக்கை ஏதும் தராதது, சம்பவத்தின்போது திரை எதையும் தொடாதது என்று அதன்மேல் மூன்று குற்றங்கள். நிதானத்துக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. பதக்கமும் கிடைத்தது, அதை அவர் வீட்டுக்குள் எடுத்துப் போகவே இல்லை.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. நூறு மதிப்பெண் வாங்கியவரின் கவனம் நிரூபிக்கப்பட்டுவிட்டதால் அவரை இனிக் கண்காணிக்கத் தேவையில்லை. ஆகவே அவர் வண்டியிலிருந்து திரையைக் கழற்றிவிட வேண்டும். ஹாரன், வைப்பர், விளக்கு ஆகியவற்றின் சுவிட்சுகளையும் நடத்துநரின் விசிலையும் திருப்பித் தர வேண்டும். வாரியத்திலிருந்து போன் வராது.

கழற்ற வந்தவர் திரையைத் தூக்கிக்கொண்டு போனார். அது இருந்த இடத்தில் ஓர் ஓட்டையும் நாலு ஒயரும் மட்டும் மிச்சம். நிதானம் வண்டியில் ஏறி உட்கார்ந்து, முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தார். ரொம்ப நாள் பிரிந்திருந்த சொந்தக்காரரைப் பார்ப்பது மாதிரி இருந்தது அவர் முகம்.

“போதும், பார்த்து ரசிச்சது” என்றார் மனைவி. “கூட்டம் ஏறியாச்சு.” இரண்டு விசில் அடித்தார்.

சேதி அன்று மாலையே பணிமனை முழுக்கப் பரவிவிட்டது. நூறு வாங்கினால் திரை போய்விடும் என்று தெரிந்ததும், அறுபது எழுபது வாங்கிக்கொண்டு பல்லைக் கடித்து ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம், பதினாலாவது விதியின்கீழ் எங்களையும் சோதியுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை வாரியத்தின் வளாகத்தில் பதினேழு பேருந்துகள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் கட்டடத்தைப் பார்த்துத்தான் நின்றது. கீழ்த்தள ஊழியர்கள் நாற்காலிகளை மேலே தூக்கிக்கொண்டு போனார்கள்.

இயக்குநர் மூன்றாம் மாடி மாடத்தில் நின்று, போனில் எழுதி வைத்திருந்த உரையை வாசித்தார்.

“இத்தனை ஓட்டுநர்கள் தாங்களாக முன்வந்து சோதனைக்கு நிற்கிறது, நம் வாரியத்தின்மேல் மக்களுக்கு உள்ள ஈர்ப்பைக் காட்டுது. அவங்க நம்மை நோக்கி வந்துட்டே இருக்காங்க. யாரும் தடுக்க முடியாது!”

முதல் வண்டியின் இஞ்சின் உறுமியது. கீழே, பாதி எழுப்பிய சுவரின் முன்னால் கரண்டியும் கலவைச் சட்டியுமாக நின்றிருந்த கொத்தனார் வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். அப்புறம் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“சார்! சுவரை இப்பவே கட்டி முடிச்சிடட்டுமா, இல்ல எல்லாரும் வந்துட்டுப் போனப்புறம் மொத்தமாக் கட்டிக்கலாமா?”